காய் வெடித்த பிறகு: பருத்தி எடுப்பு முறையும் தரமும் லாபக் கணக்கும்

பருத்தி இழையின் தரம் காய் வெடிக்கும் நாளன்றே முடிவாகிவிடுகிறது. விதைத் தோலில் உள்ள ஒரே ஒரு செல் நீண்டு வளர்ந்ததுதான் ஓர் இழை. பூ மலர்ந்ததிலிருந்து முதல் 3 வாரம் அது நீளும். அடுத்த 3 முதல் 4 வாரம் அதன் உட்சுவரில் செல்லுலோஸ் படிந்து தடிக்கும். ஏறத்தாழ 50 நாளில் காய் வெடிக்கும்போது இழை காய்ந்து, தட்டையாகி, முறுக்கேறி நின்றுவிடுகிறது. அதன்பின் எந்த உரமும் மருந்தும் நீளத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூடச் சேர்க்காது. வெயில், மழை, பூஞ்சை, சாக்கு, இயந்திரம், அரவைப் பல் (விதையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் இயந்திரத்தின் பல்) என்று இனி வருவதெல்லாம் கழித்தல் கணக்குதான். கையால் எடுத்தாலும் இயந்திரத்தால் எடுத்தாலும் கழிவு இருக்கும். எதில் கழிகிறது, எவ்வளவு கழிகிறது, அந்தக் கழிவு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் முறைக்கு முறை வேறுபாடு.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. மனித விரல்களைவிடச் சுத்தமாகப் பருத்தியை எடுக்கும் கருவி இன்றுவரை வரவில்லை. ஆனாலும், முழுக்க இயந்திரத்தால் எடுக்கப்படும் ஆஸ்திரேலியப் பருத்திக்கு நூற்பாலைகள் கூடுதல் விலை கொடுக்கின்றன. கையால் எடுக்கப்படும் தெற்காசியப் பருத்தியில் பெரும்பகுதி, நீளமும் வலிமையும் நன்றாக இருந்தும், தள்ளுபடி விலைக்குப் போகிறது. இயந்திரம் சேர்க்கும் குப்பை இலை, காம்பு, காய் ஓடு. இவற்றைப் பிரித்தெடுக்கலாம், அதற்கு விலை உண்டு. கை எடுப்பில் கவனக்குறைவால் சேர்வது பாலிபுரொப்பிலீன் நூல், தலைமுடி, வண்ணத் துணி இழை, சணல். இவற்றைப் பஞ்சிலிருந்து முழுமையாகப் பிரிக்க வழியே இல்லை. எடுப்பு முறை பற்றிய விவாதத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு வகைக் குப்பைக்கும் இடையில்தான் நடக்கிறது.

கையால் எடுப்பது

கை எடுப்பின் பெரிய பலம் தேர்வு செய்ய முடிவது. வெடித்த காயை மட்டும் எடுத்து, வெடிக்காததை அடுத்த முறைக்கு விடலாம். புழு துளைத்ததை, மழையில் கறுத்ததைத் தனியாகப் போடலாம். 10 முதல் 15 நாள் இடைவெளியில் 3 அல்லது 4 முறை எடுத்தால், ஒவ்வொரு காயும் வெடித்தபின் அதிகம் போனால் 2 வாரம்தான் வெயிலிலும் பனியிலும் நிற்கும். இந்தப் பலன் கிடைக்க வேண்டுமானால் வேலை ஒழுங்காக நடக்க வேண்டும்.

பனி உலர்ந்த பிறகே வயலில் இறங்க வேண்டும். ஈரப் பருத்தியில் காய்ந்த இலைத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். அம்பாரமாகக் குவித்தால் சூடேறும். செடியின் கீழ்க் கிளையில் தொடங்கி மேலே போவதுதான் சரியான வரிசை. மேலிருந்து தொடங்கினால், கை பட்டு உதிரும் சருகு கீழே இன்னும் எடுக்காத சுளைகளின் மேல் விழும். காயின் ஓட்டை ஒரு கையால் பிடித்து, மறு கை விரல்களால் சுளைகளை மட்டும் இழுக்க வேண்டும். காயோடு ஒடித்துப் பிறகு உரிக்கலாம் என்று நினைத்தால், காயைச் சுற்றியுள்ள காய்ந்த சிற்றிலைகள் நொறுங்கிப் பஞ்சோடு கலந்துவிடும். அந்தத் துணுக்குகள்தான் அரவை ஆலையின் சல்லடைகளில் சிக்காமல் நழுவும் குப்பை. அரைகுறையாக வெடித்த காயைப் பிளந்து எடுப்பதும் அப்படித்தான். அதிலுள்ள இழை ஈரமாகவும் முற்றாமலும் இருக்கும், அரவையில் முடிச்சு முடிச்சாகத் திரளும்.

கறைபட்ட கொட்டுப் பருத்திக்கு ஆரம்பத்திலிருந்தே தனிப் பை வேண்டும். நல்ல பருத்தியோடு சிறிதளவு கொட்டுப் பருத்தி கலந்தாலும், வாங்குபவர் மொத்தக் குவியலுக்கும் கொட்டுப் பருத்தியை ஒட்டிய விலையைத்தான் சொல்வார். முதல் எடுப்பையும் கடைசி எடுப்பையும் நடு எடுப்புகளோடு சேர்க்காமல் வைப்பது நல்லது. முதல் எடுப்பில் தரையை ஒட்டிய காய்களின் மண்ணும் கறையும் இருக்கும். கடைசி எடுப்பில் நுனிக் காய்களின் மெல்லிய, முற்றாத இழை இருக்கும்.

பிறகு பை. உரச் சாக்கு, தீவனச் சாக்கு என்று கைக்குக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் சாக்குகளே கை எடுப்புப் பருத்தியின் பெயரைக் கெடுத்த முதல் காரணம். சாக்கின் கிழிந்த ஓரத்திலிருந்து பிரியும் ஒரு நூல் அரவை இயந்திரத்தின் பற்களில் சிக்கி எண்ணற்ற மெல்லிய இழைகளாகச் சிதைகிறது. அந்த இழை பஞ்சின் வெண்மையிலேயே இருப்பதால் பேலில் (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதியில்) கண்ணுக்குத் தெரியாது. நூற்பாலையில் உணர்வீ பொருத்திய கருவிகள் ஒரு பகுதியைப் பிடிக்கும். மீதி நூலாகி, துணியாகி, சாயத் தொட்டிக்குள் போகும். பாலிபுரொப்பிலீன் சாயம் ஏற்காது என்பதால் அங்கேதான் வெள்ளைக் கோடாகத் தெரியவரும். அதற்குள் பஞ்சின் விலையைப் போலப் பல மடங்கு செலவு ஏறியிருக்கும். இந்த அபாயம் எந்தப் பேலில் இருக்கிறது என்று அறிய முடியாத ஆலை, அதை அந்தப் பகுதியிலிருந்து வரும் எல்லாப் பேலின் விலையிலும் முன்கூட்டியே கழித்துக்கொள்கிறது. சுத்தமாக எடுத்த விவசாயியும் அந்தத் தள்ளுபடியில் பங்கு கொடுக்கிறார். பருத்தித் துணிப் பை, தலைமுடியை மூடும் பருத்தித் துணி, எடுப்புக்கு முன் வயலிலுள்ள பிளாஸ்டிக் பை, சொட்டுநீர்க் குழாய்த் துண்டு, கயிறு ஆகியவற்றைப் பொறுக்கி அகற்றுவது என்ற மூன்றும் செலவில் மிகச் சிறியவை, பலனில் மிகப் பெரியவை.

கூலி கொடுக்கும் முறையும் தரத்தைத் தீர்மானிக்கிறது. எடுப்பு ஆட்களுக்கு எடைக்குத்தான் கூலி என்றால், வேகமும் எடையும் மட்டுமே அவர்களுக்கு முக்கியமாகும். அதிகாலை ஈரத்தில் எடுப்பதும் சிற்றிலையோடு பிடுங்குவதும் அதன் இயல்பான விளைவு. இதற்கு அவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. சுத்தமான பைக்குக் கிலோவுக்குச் சிறிது கூடுதல் கூலி வைத்தால்தான் சுத்தமான பருத்தி வரும்.

ஸ்பிண்டில் இயந்திரம்

பருத்தி எடுக்கும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 1850-லேயே காப்புரிமை பதிவாகிவிட்டது. ஆனால் ஈரப்படுத்திய ஸ்பிண்டிலை (சுழன்று பருத்தியைச் சுருட்டும் கம்பியை) கொண்டு ரஸ்ட் சகோதரர்கள் 1936-ல் மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டோன்வில்லில் செய்து காட்டிய பிறகுதான் உலகம் நம்பத் தொடங்கியது. 1940-களில்தான் வணிக அளவில் உற்பத்தி வந்தது. இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம், வெடித்த காயை எடுத்து வெடிக்காத காயை விட்டுவிடும் பாகுபாட்டை இரும்புக்குக் கற்றுக்கொடுப்பது கடினமாக இருந்ததுதான்.

இன்றைய இயந்திரத்தில், விரல் தடிமனுக்குக் கூம்பு வடிவில் இருக்கும் எஃகு ஸ்பிண்டில்கள் செங்குத்தான உருளைகளில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் மேல் சிறிய முட்கள் வெட்டியிருக்கும். செடி இரண்டு தகடுகளுக்கிடையே நெருக்கப்பட்டு உள்ளே வரும்போது, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் சுழலும் ஸ்பிண்டில் திறந்த சுளையைப் பற்றிச் சுருட்டி இழுக்கிறது. மூடிய காய் வழவழப்பாக இருப்பதால் முள்ளில் மாட்டாது. சுருண்ட பருத்தியை எதிர்த்திசையில் சுழலும் ரப்பர் டாஃபர் தட்டுகள் உருவி எடுக்க, காற்று அதைக் கூடைக்கு ஊதிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஈரத் தட்டு ஒன்று சோப்பு கலந்த நீரால் ஸ்பிண்டிலைத் துடைத்து, ஒட்டிய இலைச் சாற்றை அகற்றுகிறது.

இந்த நான்கு பாகங்களில் எது சரியில்லை என்றாலும் பருத்தியே சொல்லிவிடும். டாஃபர் தட்டு தேய்ந்து ஸ்பிண்டிலிலிருந்து விலகினால் பருத்தி முழுதாக உருவப்படாமல் கயிறுபோல் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு அரவையில் பிரியாது, இழைதான் அறும். டாஃபர் ஸ்பிண்டிலை லேசாகத் தொட வேண்டும். அழுத்தமாக உரசினால் ரப்பர்த் துணுக்கே பஞ்சில் சேரும். நீர் குறைந்தால் ஸ்பிண்டிலில் இலைப் பசை படிந்து பிடிப்புப் போகும். கூடினால் பருத்தி நனைந்து, இலையின் பச்சை அதில் ஏறும். நெருக்குத் தகட்டுக்கும் ஸ்பிண்டில் முனைக்கும் 3 முதல் 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதிகமானால் செடியில் பருத்தி மிஞ்சும், குறைந்தால் பச்சைக் காய் நசுங்கும், தண்டின் பட்டை உரியும். பட்டை இழை பஞ்சைப் போலவே நீளமானது, சுத்திகரிப்பில் போகாது. ஓட்டும் வேகமும் உருளையின் சுழற்சியும் பொருந்த வேண்டும். மணிக்கு 6 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஸ்பிண்டில் செடிக்குள் நேராக நுழைந்து நேராக வெளியேறும். அதைத் தாண்டி விரட்டினால் செடியை வாரி அடித்துக் காயைத் தரையில் கொட்டும்.

நன்றாகச் சரிசெய்த இயந்திரம் வயலிலுள்ள பருத்தியில் 90 முதல் 95 சதவீதத்தை எடுக்கும். தேய்ந்த ஸ்பிண்டிலும் சாய்ந்த செடியும் சேர்ந்தால் 85-க்குக் கீழேயும் போகும். எடுத்து முடித்த வரிசையில் சில மீட்டர் தூரத்துக்குச் செடியிலும் தரையிலும் மிஞ்சியதைப் பொறுக்கி எடைபோட்டுப் பார்ப்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு விட்டுப்போகிறது என்று தெரியாமல் இயந்திரத்துக்கு வாடகை கொடுப்பது சரியான கணக்கு ஆகாது.

ஸ்டிரிப்பர்

ஸ்டிரிப்பர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. தூரிகையும் ரப்பர்ப் பட்டையும் மாறி மாறிப் பொருத்திய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழன்று, செடியைக் கீழிருந்து மேலாக உருவிவிடும். வெடித்ததும் வெடிக்காததும், ஓடும் காம்பும் இலையும் சேர்ந்தே வரும். வயலில் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சாது, 98 சதவீதம் வரை வந்துவிடும். இயந்திரத்தின் விலையும் பராமரிப்பும் ஸ்பிண்டில் இயந்திரத்தைவிடக் குறைவு. ஆனால் குப்பை மலைபோல் வரும். ஒரு பேல் பஞ்சு, அதாவது 218 கிலோ கிடைக்க, கை எடுப்பில் விதையோடு கூடிய பருத்தி சுமார் 600 கிலோ போதும். ஸ்பிண்டில் இயந்திரத்தில் 650 கிலோ. ஸ்டிரிப்பரில் 900 முதல் 1,000 கிலோ வரை ஆலைக்கு ஏற்றிப் போக வேண்டியிருக்கும். இயந்திரத்திலேயே வயல் சுத்திகரிப்பான் இருந்தால் ஓட்டிலும் காம்பிலும் ஒரு நல்ல பகுதி வயலிலேயே விழுந்துவிடும்.

முற்றாத காய்களும் கலப்பதால் மைக்ரோனேர் (இழையின் மென்மையையும் முதிர்ச்சியையும் காட்டும் அளவு) சரியும், குறு இழையும் முடிச்சும் கூடும். அதனால்தான் இந்த முறை டெக்சாஸின் உயர்சமவெளி போல மானாவாரியில் குட்டையான செடி, குறைந்த விளைச்சல், காற்றில் உதிராத இறுக்கமான காய் உள்ள இடங்களில் நிலைத்தது. அங்கே கொல்லும் உறைபனி வந்து செடியைக் காயவைத்துவிடுவதால் பச்சை இலைத் தொல்லையும் இல்லை. உயரமாகவும் பச்சையாகவும் நிற்கும் பாசனப் பருத்தியில் ஸ்டிரிப்பரை விட்டால் பட்டையும் பச்சைக் காயும் பஞ்சைக் கெடுத்துவிடும்.

ஒரே முறையில் எடுப்பதன் விலை

இயந்திரம் என்றால் வயலில் ஒரே ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை ஓட்டம். கை எடுப்பிலிருந்து இயந்திரத்துக்கு மாறும்போது பெரும்பாலானோர் கணக்கில் எடுக்காத இடம் இதுதான். பருத்திச் செடி கீழிருந்து மேலாகப் பூக்கிறது. ஒரு காய்ப்புக் கிளைக்கும் அதற்கு மேலுள்ள கிளைக்கும் இடையே ஏறத்தாழ 3 நாள். அதே கிளையில் அடுத்த காய்க்கு 6 நாள். 15 காய்ப்புக் கிளை உள்ள செடியில் அடிக் காய்க்கும் நுனிக் காய்க்கும் 42 நாள் இடைவெளி விழுகிறது. ஒரே முறையில் எடுப்பதென்றால், அடியில் வெடித்த மிகச் சிறந்த பஞ்சு, நுனியிலுள்ள மிகச் சாதாரணப் பஞ்சுக்காக ஒன்றரை மாதம் வெட்டவெளியில் காத்திருக்கிறது. அந்தக் காலத்தில் பெய்யும் ஒவ்வொரு மழையும் வெண்மையைக் குறைக்கிறது. பூஞ்சை பிடித்து நிறம் சாம்பலாகிறது. சுளை தொங்கித் தரையில் விழுகிறது. அசுவினியும் வெள்ளை ஈயும் இருந்தால் அவற்றின் இனிப்புக் கழிவு பஞ்சில் படிந்து, நூற்பு உருளைகளில் ஒட்டும் பருத்தியாகிறது.

எனவே இயந்திர எடுப்பு விதைப்பிலிருந்தே தொடங்குகிறது. 76 சென்டிமீட்டர் வரிசையில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு செடி என்று வைத்தால் ஹெக்டேருக்கு 1,31,000 செடிக்கு மேல் வரும். மெபிகுவாட் குளோரைடு தெளித்து உயரத்தைக் கட்டுப்படுத்தினால், ஒரு செடிக்கு 8 அல்லது 9 காய்ப்புக் கிளையோடு நிறுத்தலாம். காய் எண்ணிக்கை செடிக்குக் குறைந்தாலும் ஹெக்டேருக்குக் குறையாது, வெடிப்பும் 25 நாளுக்குள் முடியும். அகலமான இடைவெளியில் புதர்போல் வளரும் ரகத்தை வைத்துவிட்டு, கடைசியில் இயந்திரத்தைத் தேடுவது வீண்.

அடுத்தது இலை உதிர்ப்பு. தைடையசுரான் போன்ற இலை உதிர்ப்பான் காம்படியில் பிரிவுப் படலத்தை உருவாக்கி இலையை முழுதாகக் கழற்றுகிறது. எத்தெஃபான் முற்றிய காய்களைச் சீக்கிரம் வெடிக்க வைக்கிறது. தெளிக்கும் நாளை நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. 60 சதவீதக் காய் வெடித்திருக்க வேண்டும், அல்லது மிக மேலே வெடித்த காய்க்கு மேல் அறுவடைக்குத் தகுந்த காயுள்ள கணு 4-க்கு மிகாமல் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நுனிப் பகுதிக் காயைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். கத்தி சிரமப்பட்டு இறங்கி, இழை நீண்டு இழுபட்டு, விதைத் தோல் பழுப்பேறி, உள்ளே வழவழப்பான கூழ் இல்லாமல் மடிந்த விதையிலைகள் தெரிந்தால் அந்தக் காய் முற்றிவிட்டது. கூழ் தெரிந்தால் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் இழைச்சுவர் தடிப்பது நடுவிலேயே நின்றுபோகும். மைக்ரோனேர் 3.5-க்குக் கீழே இறங்கினால் விலையில் கழிவு விழும். 4.9-க்கு மேல் ஏறினாலும் கழிவுதான், ஆனால் அந்தத் தவறு எடுப்பால் வருவதில்லை.

மருந்தின் அளவைக் கூட்டினால் வேகமாக வேலை செய்யும் என்ற எண்ணம் மிகவும் விலை உயர்ந்தது. அளவு மீறினால் இலை பிரிவுப் படலம் உருவாகுமுன்னே கருகி, உதிராமல் செடியிலேயே ஒட்டி நிற்கும். இயந்திரம் வரும்போது அது மிளகுத்தூள் போல நொறுங்கிப் பஞ்சுக்குள் இறங்கும். இரவு வெப்பம் 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் நாள்களில் தைடையசுரான் மந்தமாகிவிடும். சரியாகத் தெளித்த வயல் 10 முதல் 14 நாளில் தயாராகும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் புதுத் துளிர் வரும். அந்தத் துளிரின் பச்சைச் சாறுதான் இயந்திரப் பருத்தியில் காணும் பச்சைக் கறை. அதனால், இயந்திரம் எந்த நாளில் வரும் என்று உறுதியாகாமல் முழு வயலுக்கும் ஒரே நாளில் தெளிக்கக் கூடாது. இயந்திரம் ஒரு வாரத்தில் எடுக்கக்கூடிய பரப்புக்குப் பகுதி பகுதியாகத் தெளிப்பதே பாதுகாப்பு.

ஈரம்

எந்த முறையானாலும் 12 சதவீத ஈரத்துக்கு மேல் உள்ள பருத்தியைக் குவித்து வைக்கக் கூடாது. வயலில் கருவி இல்லாவிட்டால் விதையைப் பல்லில் கடித்துப் பார்க்கலாம். படக்கென்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் ஈரம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும் மாலையில் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்று இரவு வரை ஓட்டிச் சேர்த்த பருத்தி, மொத்தக் குவியலையும் சூடாக்கும். மாட்யூலில் (அரவைக்கு முன் அழுத்திக் கட்டிய பெரிய பருத்திப் பொதியில்) முதல் வாரம் தினமும் நடுவில் வெப்பமானி செருகிப் பார்க்க வேண்டும். கட்டிய நாளைவிட 10 டிகிரி செல்சியஸ் ஏறினாலோ, 49 டிகிரியைத் தொட்டாலோ, வரிசைக்குக் காத்திராமல் உடனே அரைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சு மஞ்சளாகும், விதையின் முளைப்பும் எண்ணெய்த் தரமும் போகும்.

எடை கூட வேண்டும் என்று பருத்தியில் நீர் தெளிப்பவர்கள் உண்டு. 12 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருக்கும் பருத்தி 8 சதவீதத்துக்கு உலர்ந்தால் 95.7 கிலோ ஆகும். இந்த 4 கிலோவை வாங்குபவர் முன்பே கணித்துத்தான் விலை சொல்கிறார். நீர் தெளித்தவருக்கு மிஞ்சுவது நிறம் மாறிய பருத்தி.

அரவை ஆலையில் தெரியும் வித்தியாசம்

சுத்தமாக எடுத்த கைப் பருத்திக்கு ஒரு சாதாரண முன்சுத்திகரிப்பான் போதும். உருளை அரவை இயந்திரத்தில் மெதுவாக அரைத்தால் நீளம் அப்படியே நிற்கும். ஸ்பிண்டில் பருத்திக்கு உலர்த்தி, உருளைச் சுத்திகரிப்பான், காம்பு நீக்கும் இயந்திரம், அரவைக்குப் பின் பஞ்சுச் சுத்திகரிப்பான் என்று தொடர் வரிசை வேண்டும். ஸ்டிரிப்பர் பருத்திக்குப் பச்சைக் காய்ப் பொறியும் ஓடு நீக்கியும் கூடுதலாக வேண்டும்.

ஒவ்வொரு இயந்திரமும் இழையைக் கொஞ்சம் தேய்க்கிறது. பஞ்சுச் சுத்திகரிப்பான் ரம்பப் பற்களால் பஞ்சைச் சீவும்போது இலைத் துணுக்கு போகும், தரப் பார்வையில் ஒரு படி ஏறும். அதே சீவலில் நீள இழைகள் அறுந்து குறு இழையாகும், முடிச்சு கூடும், பேலின் எடையில் சில கிலோ குறையும். ஒரு சுத்திகரிப்பானோடு நிறுத்தலாமா, இரண்டாவதற்கும் அனுப்பலாமா என்பது விலைப் பட்டியலைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. இலைத் தரத்தில் ஏறும் விலை, எடையிலும் நீளத்திலும் இழக்கும் விலையைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே இரண்டாவது முறை. அரைக்கும்போது பஞ்சில் 6 முதல் 7 சதவீத ஈரம் இருக்க வேண்டும். குப்பை எளிதாகப் பிரியட்டும் என்று 5-க்குக் கீழே உலர்த்தினால், காய்ந்த இழை வலுவிழந்து பற்களில் முறியும்.

இதன் நடைமுறைப் பொருள் நேரடியானது. அருகிலுள்ள ஆலையில் சுத்திகரிப்பு வரிசை இல்லையென்றால், இயந்திரத்தால் எடுத்த பருத்தி எவ்வளவு நல்ல ரகமானாலும் குப்பைப் பருத்தியாகவே விலைபோகும். இயந்திரத்துக்கு மாறுவது ஒரு விவசாயி தனியாக எடுக்கக்கூடிய முடிவு அல்ல, ஆலையும் சேர்ந்து மாற வேண்டும்.

இயந்திரப் பருத்தியும் பிளாஸ்டிக் பிரச்சினையிலிருந்து தப்பவில்லை. ஓடிக்கொண்டே உருண்டை மாட்யூல் கட்டும் இயந்திரங்கள் 2000-களின் பிற்பகுதியில் வந்தன. அவை சுற்றும் பிளாஸ்டிக் உறை ஆலையில் தவறான இடத்தில் வெட்டப்பட்டாலோ, வயலில் தட்டைக் குச்சிகள் குத்திக் கிழிந்தாலோ, துண்டுகள் பஞ்சில் சேர்கின்றன. இதனால் அமெரிக்க வேளாண் துறை 2018-ல் பிளாஸ்டிக்குக்கென்றே தனித் தரக் குறியீடுகளைக் கொண்டுவந்தது. அந்தக் குறியீடு விழுந்த பேலுக்குக் கடுமையான தள்ளுபடி.

பஞ்சைக் கொண்டே ஒரு கணக்கு

விலையும் கூலியும் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே எல்லாவற்றையும் பஞ்சு கிலோவில் கணக்கிட்டால் எங்கும் பொருந்தும். கீழே உள்ளவை கணக்குப் போடும் வழியைக் காட்டும் மாதிரி எண்கள். ஒவ்வொருவரும் தம் எண்ணை இட்டுப் பார்க்கலாம்.

வயலில் ஹெக்டேருக்கு 1,000 கிலோ பஞ்சு நிற்கிறது. அரவையில் 36 சதவீதம் பஞ்சு என்றால் கையால் எடுக்க வேண்டிய பருத்தி சுமார் 2,780 கிலோ. ஓர் ஆள் ஒரு நாளில் 40 கிலோ எடுத்தால் 70 ஆள் நாள். ஒரு நாள் கூலி 3 கிலோ பஞ்சின் விலைக்குச் சமம் என்றால் எடுப்புச் செலவு 210 கிலோ பஞ்சு, அதாவது விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

அதே வயலில் ஸ்பிண்டில் இயந்திரம் 7 சதவீதத்தை விட்டுவிட்டால் 70 கிலோ போச்சு. மிஞ்சிய 930 கிலோவில் கூடுதல் சுத்திகரிப்பால் 2 சதவீதம், தரக் குறைவால் 3 சதவீதம் என்று வைத்தால் 19-ம் 28-ம். மொத்தம் 117 கிலோ. கை எடுப்பின் 210-லிருந்து இதைக் கழித்தால் 93 கிலோ. இயந்திர வாடகை, இலை உதிர்ப்பான், அதன் தெளிப்புக் கூலி, அதிகப்படி அரவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 93 கிலோ பஞ்சின் விலைக்குள் அடங்கினால் இயந்திரம் லாபம். நாள் கூலி 4 கிலோ பஞ்சுக்கு உயர்ந்தால் இந்த இடம் 163 கிலோவாக விரியும். கூலி 2 கிலோவுக்கு இறங்கினால் 23 கிலோவாகச் சுருங்கும், அங்கே இயந்திரத்துக்கு இடமே இல்லை. கூலிக்கும் பஞ்சு விலைக்கும் உள்ள இந்த விகிதம்தான் சில நாடுகளில் இயந்திரத்தையும் சில நாடுகளில் கையையும் நிறுத்திவைத்திருக்கிறது. இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஆள் கிடைக்காமல் வெடித்த பருத்தி மூன்று வாரம் நின்று மழையில் நனைந்தால், அந்தத் தரக் கழிவு கை எடுப்பின் செலவில் எழுதப்பட வேண்டும். பெரும்பாலும் அதை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

ஸ்பிண்டிலா ஸ்டிரிப்பரா என்பதற்கும் இதே வழி. ஒன்று 930 கிலோ எடுக்கிறது, மற்றொன்று 980 கிலோ. ஸ்டிரிப்பர் பஞ்சின் விலை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்த 50 கிலோ ஆதாயம் காலி. அதோடு பேலுக்கு 250 முதல் 350 கிலோ கூடுதல் குப்பை என்றால், ஹெக்டேருக்கு ஒரு டன்னுக்குக் குறையாத குப்பைக்கு வண்டி வாடகை கொடுக்க வேண்டும். ஆலை எடைக்குக் கட்டணம் வாங்கினால் அதற்கும் சேர்த்து. மறுபுறம், ஹெக்டேருக்கு 300, 400 கிலோ பஞ்சுதான் வரும் மானாவாரியில், விலை உயர்ந்த ஸ்பிண்டில் இயந்திரத்தின் பரப்புக் கட்டணம் கிலோவுக்குக் கிலோ தாங்க முடியாததாகிவிடும்.

கை எடுப்பில் கடைசி எடுப்பை எப்போது விடுவது என்பதும் இதில் அடங்கும். முதல் இரண்டு எடுப்பில் 40 கிலோ எடுத்த ஆள், காய் குறைந்த கடைசி எடுப்பில் 15 கிலோ எடுத்தால் அதில் பஞ்சு 5 கிலோவைச் சற்றுத் தாண்டும். 3 கிலோ கூலிக்குப் போய்விடும். மீதியும் நுனிக் காயின் மலிவான பஞ்சு. அதற்காகச் செடியை மேலும் ஒரு மாதம் வயலில் நிறுத்தினால், இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அடுத்த பருவம் வரை உணவும் தங்குமிடமும் கிடைக்கிறது. அந்தக் கட்டத்தில் எடுப்பை நிறுத்தித் தட்டையை அகற்றுவதே கணக்குக்கும் வயலுக்கும் சரி.

இந்தக் கணக்கில் தரத்துக்கான வரி பொருள்பட வேண்டுமானால், விற்பனை தரத்தை அளக்கும் முறையில் நடக்க வேண்டும். பருத்தியைக் கண்ணால் பார்த்து, கையால் பிசைந்து, எடைக்கு ஒரே விலை சொல்லும் இடத்தில், துணிப் பைக்கும் தனிப் பிரிப்புக்கும் செய்த செலவு திரும்பி வராது. பஞ்சு விகிதம், ஈரம், குப்பை மூன்றையும் மாதிரி எடுத்து அளக்கும் ஆலைக்கு விற்பது, அல்லது பலர் சேர்ந்து ஒரே ரகத்தை ஒரே விதமாக எடுத்துத் தனி அடுக்காக அரைத்து, எச்.வி.ஐ. (இழையின் நீளம், வலிமை முதலியவற்றைக் கருவியால் அளக்கும்) சோதனைச் சான்றோடு பஞ்சாகவே விற்பது ஆகிய இரண்டும்தான் அந்தச் செலவைத் திரும்பப் பெறும் வழி. இரண்டாவது வழிக்கு ஒரு பேல் அடுக்கு நிரம்பும் அளவுக்குப் பரப்பு தேவை என்பதால், ரகத் தேர்வையும் விதைப்பு நாளையும் பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்தே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.